பெருங்காய டப்பாவில் மூன்று ஓட்டு

போன வாரம் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தான். அவன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மதியம் பிரியாணியா, இலைச் சாப்பாடா? யார் எதற்குப் போட்டார்கள் என்று அடியிலேயே பெயரும் படமும் வந்துவிடுகிறது. அப்பா இருந்திருந்தால் அந்தத் தேர்தலை அந்த நிமிடமே ரத்து செய்திருப்பார்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் பேராசிரியர். மற்ற வாத்தியார்கள் பாடத்தை வகுப்பிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கோழி வளர்ப்பதா, லீவுக்குப் புன்னக்காயல் போவதா, எதுவானாலும் எங்கள் வீட்டில் ரகசிய வாக்கெடுப்புதான். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று வாக்காளர்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. எல்லாருக்கும் ஒரே பென்சில். பெட்டி, அம்மாவின் காலியான பெருங்காய டப்பா. இன்றைக்கும் சாம்பார் கொதிக்கும்போது எனக்கு ஜனநாயகம்தான் நினைவுக்கு வரும்.

அப்பாவுக்கு ஓட்டுக் கிடையாது. அவர் அவைத்தலைவர். இரண்டு பக்கமும் சமமானால் மட்டும் அவர் போடலாம். மூன்று பேர் போட்டால் எங்கே சமமாகும்? தன் சொந்த வீட்டில் ஒரு கத்தரிக்காயைப் பற்றிக்கூட அவர் ஓட்டுப் போட்டதில்லை. அம்மா இதை எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னாள். நாலாவது ஓட்டு என்பது அரசியல் சட்டத் திருத்தம், அதெல்லாம் அவசரத்தில் செய்யக் கூடாது என்பார்.

நான் எட்டாவது படிக்கும்போது டெல்லியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று வாசித்தார். அந்த வாரம் முழுக்க அவர் குளிக்கும்போது பாடியது தெருவுக்கே தெரியும். ஆனாலும் வாக்கெடுப்பு உண்டு.

விவாதத்தில் அம்மா, போய் வரட்டும், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணனுக்கு அந்த வருடம் பிளஸ் டூ. அப்பா போகக் கூடாது என்று கண் கலங்கிவிட்டான். அவர் போவது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அந்தப் பாட்டும் காதில் நின்றது. யோசித்து யோசித்து, எதுவும் போடாமல் வெள்ளைச் சீட்டை மடித்து டப்பாவில் போட்டேன். இப்போது சமமாகும், முடிவு அப்பா கைக்கு வரும், அவர் இஷ்டம்போலப் போவார். இவ்வளவு பெரிய மூளை என் தலைக்குள் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்பா பிரித்தார். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று, செல்லாதது ஒன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தலைவரின் ஓட்டு எப்போதும் இருக்கிற நிலையை மாற்றாத பக்கம்தான் விழ வேண்டும், அதுதான் மரபு என்று சொல்லி, போக வேண்டாம் என்பதில் பென்சிலால் குறி போட்டார்.

"மரபத் தூக்கி அடுப்புல போடுங்க" என்றாள் அம்மா.

"நாளைக்கு பி.ஏ. பிள்ளைகளுக்கு இதத்தான் நடத்தப் போறேன். நான் எப்படி மாத்திப் போட?"

வர இயலாது என்று அவர் எழுதிய பதில் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டது நான்தான். போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், ஆற்றுப் பாலத்தில் நடந்து போகும்போது, அந்த வெள்ளைச் சீட்டு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ரகசிய வாக்கெடுப்பில் போட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று கண்டித்தார். விடாமல், போக ஆசையாக இருந்ததா என்று கேட்டேன்.

"தலைவருக்குன்னு தனி ஆசை கிடையாதுட்டி" என்றார்.

அவர் இறந்த பிறகு பீரோவை ஒழித்தோம். வெள்ளைச் சட்டைகளுக்கு அடியில், கடைக்காரன் போட்ட மடிப்புக்கூடக் கலையாமல், நீல நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். பாளையங்கோட்டை வெயிலில் இதை யார் போடுவார் என்று அண்ணன் கேட்டான்.

அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கடுதாசி வந்த மறுநாளே வாங்கிட்டு வந்துட்டாரு. எதுக்குன்னு கேட்டேன். குத்தாலத்துல குளிரும்லா, அதுக்குன்னாரு."

இப்போது நாங்கள் அவரவருக்குப் பிடித்ததற்கே ஓட்டுப் போடுகிறோம். பிரியாணிதான் ஜெயித்தது. தனக்கு எதிராகப் போடுகிற ஒரே ஆளும் போய்விட்டார்.