வயலின் வரும் இடம்

பாஸ்டர் சுதீருக்குக் குமட்டாமல் ஒரு நாள் கழிந்ததாகச் சொல்ல முடியாது. காலையில் மர்பி டவுன் வீட்டை விட்டு இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்தவுடன் ஆரம்பித்துவிடும். பெண்ணை மாம்பழம் என்றும் மட்டன் பீஸ் என்றும் வர்ணிக்கிற ஒரு பாட்டு ஸ்பீக்கரில் அலறும். அதே மாதிரி ஒரு பாட்டுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஐந்து வயசுக் குழந்தை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு இடுப்பை ஆட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பெற்றவர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று வீடியோ எடுத்ததையும் பார்த்தவர். அல்சூர் சிக்னலில் நின்றால் தலைக்கு மேலே ஒரு கதாநாயகன் ரத்தம் சொட்டும் அரிவாளோடு சிரிப்பான். மெட்ரோவில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரரின் போனில் எவனோ ஒருவன் தன் மாமியாரிடம் போய், உங்கள் மகள் விபத்தில் செத்துவிட்டாள் என்பான். அந்தம்மா மயங்கி விழுந்ததும் சும்மா தமாஷுக்கு என்று கேமராவைக் காட்டுவான். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு விரலால் அடுத்ததுக்குத் தள்ளுவார். சுதீர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாயில் எச்சில் ஊறும், துப்ப இடமிருக்காது.

இது வெறும் பிரசங்கத்துக்காக வரவழைத்துக்கொண்ட அருவருப்பு அல்ல. ஊழியத்துக்கு வருவதற்கு முன் அவர் பிரேசர் டவுனில் ஒரு லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், அத்திபெலே பக்கம் நடக்கும் டான்ஸ் நிகழ்ச்சி என்று எதையும் விட்டதில்லை. கட்சிக் கூட்டத்தில் ஒருவர் செத்துப்போன தன் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கீபோர்டில் வயலின் சத்தத்தை வைத்து மெல்ல அழுத்த வேண்டியது சுதீரின் வேலை. சரியான இடத்தில் அழுத்தினால் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். கொஞ்சம் முந்தி அழுத்திவிட்டால் கொட்டாவி விடுவார்கள். அவ்வளவுதான் மனுஷக் கண்ணீர் என்று தெரிந்துபோனபோது அவருக்கே சகிக்கவில்லை. கீபோர்டை உறையில் போட்டு மூடினார், பைபிள் காலேஜில் சேர்ந்தார். இப்போது நாற்பதை நெருங்கும் வயசில், மர்பி டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடக்கும் தமிழ்ச் சபையில், பெரிய பாஸ்டருக்குக் கீழே, வாலிபர்களுக்குப் பாஸ்டர்.

மற்ற சபைகளின் யூத் பாஸ்டர்கள், சினிமா பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு கிடாரை எடுத்துக்கொள்வார்கள். சுதீர் அப்படி விடுகிற ஆள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் புரொஜெக்டரைப் போட்டு, மீனை அறுத்துக் குடலை எடுப்பது போல ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டுவார். டிவியில் வரும் பாட்டுப் போட்டிகள்தான் அவருக்குப் பரம எதிரி.

"இந்தப் பொண்ணு பாட வந்துச்சு. பாட விட்டாங்களா? அப்பாவுக்குக் கிட்னி போச்சுன்னு சொல்ல வெச்சாங்க. இப்ப மூஞ்சிய ஸ்லோ பண்ணுவான் பாருங்க. சத்தத்த நிறுத்துவான். கொஞ்சம் பொறுங்க. இந்தா, வயலின்."

சொன்ன இடத்தில் வயலின் வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்து நடுவர் கண்ணாடியைக் கழற்றுவார் என்பார், நடுவர் கழற்றுவார். அடுத்தவன் கண்ணீரை விற்றுத் தின்கிற பிழைப்பு என்று முடிப்பார். ராகேஷ் என்ற இளைஞன் மட்டும் சிரிக்காமல் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பான். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் அவனுக்கு வேலை. சபையின் கேமரா, யூடியூப், போஸ்டர் எல்லாம் அவன் கையில்தான். ஒரு பிள்ளைக்காவது உறைக்கிறதே என்று சுதீர் அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

கூட்டத்தின் கடைசியில் சாட்சி நேரம். தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை யாராவது எழுந்து சொல்வார்கள். கதவைச் சாத்திவிட வேண்டும், இங்கே சொன்னது வெளியே போகக் கூடாது என்பது சுதீர் போட்ட சட்டம். அப்படி ஒரு சனிக்கிழமை சோஃபியா எழுந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண், சாதாரணமாக வாயே திறக்காதவள். அவள் அம்மா பாஞ்சாலி இந்தச் சபையின் விசுவாசியாக இருந்தவள். அப்பா முனிராஜ் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், பெயிண்டிங் மேஸ்திரி, குடித்தால் கை நீட்டுகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சோடு போராடியபோது, வராண்டாவில் நின்று, அம்மாவை விட்டுவிடுங்கள் ஆண்டவரே, பதிலுக்கு இந்த ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெபித்ததாகச் சோஃபியா சொன்னாள். அம்மா போய்விட்டாள். அடுத்த வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. தன் ஜெபம்தான் தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று அவள் நடுங்கிப்போனாள். இப்போது அவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவள்தான். வேறு யார் ஸ்பூனை நீட்டினாலும் அவர் வாய் திறப்பதில்லை. அவர் பிழைத்திருக்க வேண்டும் என்று இப்போது ஜெபிப்பதாகச் சொல்லி, அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். பாட்டுகளைப் பதிவு செய்ய வைத்த கேமரா ஸ்டாண்டிலேயே நின்றதை சுதீர் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து அவர் முடிவெட்டப் போனார். கழுத்தில் துணியைக் கட்டிக் குனிய வைத்திருந்தார்கள். பின்னால் பெஞ்சில் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வயலின் வந்தது. ஆரம்பித்துவிட்டான்கள் என்று சுதீர் பல்லைக் கடித்தார். எந்த டிவியோ, எந்த ஏழைப் பெண்ணோ. அதற்கப்புறம்தான் குரல் வந்தது: பதிலுக்கு இந்த ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற குரல். வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "பாவம் சார், யாரு பெத்த புள்ளையோ" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்தார். சுதீர் திரும்பிப் பார்த்தார்; போன் திரையின் ஓரத்தில் சபையின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார்.

நேராக ராகேஷின் ஸ்டுடியோவுக்குப் போனார். அவன் ஒரு மணமகளின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தான். பாஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எத்தனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்ட வந்தான். சோஃபியாவிடம் கேட்டாயா என்றதற்கு, பெரிய பாஸ்டர் ஓகே சொல்லிவிட்டார் என்றான். அவர் ஏன் கத்துகிறார் என்று அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சும்னே, காரணமில்லாம கோவப்படாதீங்கண்ணா. நீங்கதான கத்துக் குடுத்தீங்க? ஸ்லோ பண்ணணும், சத்தத்த கட் பண்ணணும், அப்பறம் வயலின். உலகத்தான் பொய்யிக்கு பண்றத நான் ஆண்டவருக்குப் பண்ணேன். அவ அழுதது பொய்யில்லையே."

மாதக்கணக்காக சுதீர் சொன்னது அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் கற்றவன் இவன் ஒருத்தன்தான். வெட்டிய இடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. வயலின் கச்சிதமாக, வர வேண்டிய இடத்தில் வந்தது. அவரே அழுத்தியிருந்தாலும் அங்கேதான் அழுத்தியிருப்பார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விடக் குமட்டியது.

பெரிய பாஸ்டர் வீட்டு ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுதீரைத் தழுவிக்கொண்டார். கனடாவிலிருந்து ஒரு குடும்பத்தார் கூப்பிட்டு அழுதார்களாம், துபாயில் ஒருவர் குடியை விட்டுவிட்டாராம், ஆத்துமாக்கள் தொடப்படுகின்றனவாம். அதோடு விடவில்லை. அடுத்த மாதம் கன்வென்ஷனில் அந்த அப்பாவைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவர வேண்டும், மகள் அவர் காலைக் கழுவ வேண்டும், ராகேஷ் மூன்று கேமரா வைக்க வேண்டும், அவர்களை அழைத்து வருவது சுதீரின் பொறுப்பு என்று திட்டம் போட்டிருந்தார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாட்டுப் போட்டி நடத்துகிறவன் மேல் சுதீருக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. அவனாவது இதில் ஆண்டவரை இழுக்கவில்லை. காசுக்காகச் செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். இங்கே ஏசிக் காற்றில் உட்கார்ந்து ஒருவர் தான் நல்லது செய்வதாக நம்பி அழுகிறார். ஆட்டோப் பாட்டும் அரிவாளும் கூட இவ்வளவு நாறவில்லை என்று சுதீருக்குத் தோன்றியது.

"ஐயா, அத எடுத்துடுங்க. எடுக்கலன்னா நான் சனிக்கிழமை கூட்டத்துக்கு வர மாட்டேன்."

பெரிய பாஸ்டர் அவரை ஆவிக்குரிய பெருமை பிடித்தவர் என்றார், ஊழியத்துக்குத் தடை என்றார். சுதீர் இல்லாவிட்டால் வாலிபர்கள் பாதிப்பேர் வர மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் வீடியோ போய்விட்டது. ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ கிளை விட்டிருந்தது. ஒரு பக்கத்தில் அதையே வெட்டி, சோஃபியா அழுகிற இடத்தில் ஒரு சிரிப்பு நடிகரின் முகத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அதை யாரிடம் போய் எடுக்கச் சொல்வது என்று சுதீருக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சோஃபியா கூட்டத்துக்கு வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் இல்லை. சாயங்காலம் சுதீர் அவள் வீட்டுக்குப் போனார். வீடியோவை எடுத்தாகிவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு, ஒரு ஜெபம் செய்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தார். சந்துக்குள் நுழையும்போதே டிவி சத்தம் கேட்டது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றினாலே அந்தப் பக்கத்து வீடுகளில் டிவியை அணைத்துவிடுவார்கள். சோஃபியா அவரைப் பார்த்தாள், நாற்காலியைக் காட்டினாள். டிவியை அணைக்கவில்லை.

கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்து முனிராஜை உட்கார வைத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சோஃபியா ராகிக் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் இருந்தாள். நடந்ததை அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பக்கத்து வீட்டு உமேஷ் நல்ல மனசோடுதான் வந்திருக்கிறார். உங்கள் பெண் எவ்வளவு பேமஸ் பாருங்கள் என்று போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். அப்பா முழுக்கப் பார்த்தாராம். அதற்கப்புறம் அவள் ஸ்பூனை நீட்டினால் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு யார் கையாலும் சாப்பிடாத மனுஷர், இப்போது அவள் கையாலும் சாப்பிடவில்லை. இப்படியே போனால் மூக்கில் டியூப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் பேசிப் பார்த்தேன். அழுது பார்த்தேன். நான் அழுதா இன்னும் திரும்பிக்கறாரு. அழறத அவர் ஏற்கெனவே பார்த்துட்டாரில்ல."

நேற்று மத்தியானம் சத்தத்துக்காக டிவியைப் போட்டிருக்கிறாள். இந்தக் காமெடி நிகழ்ச்சி வந்தது. அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். சிரித்த வாயில் அவள் ஒரு ஸ்பூன் வைத்தாள், முழுங்கிவிட்டார்.

சுதீர் திரையைப் பார்த்தார். அந்த நிகழ்ச்சியை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதைத்தான் கிழித்துத் தோரணம் கட்டினார். புடவை கட்டிய ஒரு ஆம்பளையை இன்னொருவன் பின்னால் எட்டி உதைத்தான். புடவைக்காரன் கேக் மேல் போய் விழுந்தான். எங்கிருந்தோ நூறு பேர் சிரித்தார்கள். இப்போதும் அது அசிங்கமாகத்தான் இருந்தது. அந்த அசிங்கத்தைப் பார்த்து முனிராஜின் இடது கன்னம் மேலே ஏறியது, தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சோஃபியாவும் திரையைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டு ஸ்பூனை நீட்டினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கஞ்சி உள்ளே போனது. உதட்டோரம் வழிந்ததை அவள் விரலால் வழித்துவிட்டாள், அவர் விட்டார்.

சுதீர் மன்னிப்பை மனசுக்குள் இரண்டு தடவை ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் நூறு பேர் சிரித்தார்கள். கடைசியில், ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புகிறேன் என்று சொல்லி, பழக்கத்தில் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். சோஃபியா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக எல்லாம் இல்லை.

"இப்ப விளம்பரம் வரும் பாஸ்டர். அப்ப பண்ணிடுங்க."

சுதீர் சரி என்று தலையாட்டிவிட்டு, புடவைக்காரன் மறுபடி எழுந்து நிற்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.