பதினோரு அழுகையும் ஒரு ஃபேனும்

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்றபடி துணைவேந்தர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘ஸ்டூல்’. ஆள் ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு. மேல்தட்டுப் புத்தகங்களை எடுக்க எப்போதும் ஓர் இரும்பு ஸ்டூலைக் கையோடு தூக்கிக்கொண்டே திரிவார். பையன்கள் “ஸ்டூல் அண்ணா” என்பார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இருபத்தொன்பது வருட அட்டெண்டர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் படிப்பார்கள் என்று அவரைக் கேட்டால், துறைத் தலைவர்களைவிடச் சரியாகச் சொல்வார். அவர் கணக்கு ரொம்ப எளிது. கண் உயரத்துத் தட்டில் இருப்பது முதல்தரமான அறிவு. குனிந்து எடுக்க வேண்டியது இரண்டாம்தரம். ஸ்டூல் போட்டு எடுக்க வேண்டியது போன ஜென்மத்து அறிவு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம் உண்டு, ஃபேன். பெரிய ஹாலில் நாலு ஃபேன். மூன்று சுற்றும்போது இறக்கைகளை எண்ணலாம். கிழக்கு மூலையில் இருந்த நாலாவது மட்டும் பேய்க்காற்று அடிக்கும். ஜனம் முழுக்க அதன் கீழேதான். அதன் கீழே இருந்ததோ குழந்தை நலத்துறைப் பேராசிரியர் எழுதிய சிவப்புக் கெட்டி அட்டை நூல், நாலு தொகுதி. நாற்பது வருடமாக அதுதான் அந்தத் துறைக்கே அஸ்திவாரம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஸ்டூல் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொள்வார்.

இந்த நிலையில்தான் அவருடைய அக்கா புத்தகம் எழுதினாள். முப்பத்து நாலு வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற கையோடு, பில் புத்தகம் அடிக்கும் ஓர் அச்சகத்தில் கொடுத்து, ரோஸ் கலர் அட்டை போட்டு, நூற்றுப் பத்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள். கைக்குழந்தையின் அழுகை எத்தனை வகை என்பதுதான் விஷயம். பேராசிரியரின் சிவப்பு நூல் நாலு வகை என்றது: பசி, வலி, ஈரம், தூக்கம். அக்கா பதினொன்று என்றாள்.

“டேய் தம்பி, உங்க லைப்ரரில வச்சிடு. அந்தச் சிவப்புப் புஸ்தகத்துக்குப் பக்கத்துலயே வை. படிக்கிற பசங்க ரெண்டையும் பார்க்கட்டும்.”

ஸ்டூல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நூலகர் மேடத்திடம் போனார். மேடம் புத்தகத்தை முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், குலுக்கியும் பார்த்தார்.

“பேருக்குப் பின்னாடி டிகிரி எதுவும் இல்லையே. கடைசில மேற்கோள் பட்டியலும் காணோம். யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு எப்படித் தெரியும்?”

“குழந்தையைப் பார்த்துத்தாங்க மேடம் எழுதினாங்க.”

“அதெல்லாம் மைய நீரோட்டத்துல சேராது. ‘பிற’ல போடுங்க.”

‘பிற’ என்பது ஹாலுக்குப் பின்னால் இருந்த ஓர் அறை. ஒரே ஒரு பீரோ, ஓர் உடைந்த ரேக், ஃபேன் மாட்டும் இடத்தில் வெறும் கொக்கி. கதவின் மேல் ‘பிற’ என்று பலகை. உள்ளே போனவர்கள் பெரும்பாலும் வழி தவறி வந்தவர்கள்தான்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். “எங்கடா வச்ச?”

“பெரிய ஹால்லதான்க்கா. சிவப்புப் புஸ்தகத்துக்குப் பக்கத்துல.” வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. உடன்பிறந்தவளிடம் உன் முப்பத்து நாலு வருடத்தைப் பின்னறையில் போட்டுவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது? அக்காவுக்கு முழங்கால் வலி, நூலகப் படி ஏற மாட்டாள், அதுவரை பிழைத்தோம் என்று இருந்துவிட்டார்.

பொய் சொன்னவன் பிழைப்பு நாய்ப் பிழைப்புதான். வாரா வாரம் அக்கா கேட்பாள், யாராவது எடுத்தார்களா என்று. இவர் பின்னறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து, இரவல் கொடுக்கும்போது சீல் குத்தும் தேதிச் சீட்டைப் பார்ப்பார். சீட்டு வெள்ளையாகக் கிடக்கும். மூன்று வருடம் ஒரு சீல் கூட விழாத புத்தகம் எடைக்குப் போய்விடும் என்பது அங்கே சட்டம். இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் மத்தியானம் சீலைக் கையில் எடுத்து மையில் ஒற்றியும் விட்டார். ஒரு சீல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இத்தனை வருடத்தில் ஆள் இல்லாமல் ஒரு சீல் வைத்ததில்லை. கை வரவில்லை. மையைத் துணியில் துடைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீயைக் குடித்தார்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ‘பிற’ அறையின் கூரை ஒழுகி, நீரோட்டம் முழுக்க அங்கேதான் ஓடியது. அக்காவின் புத்தகம் இருந்த பீரோவைக் காப்பாற்ற வேண்டுமே! ஸ்டூலும் எலெக்ட்ரீஷியனும் அதைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்கள். காலியான இடம் கிழக்கு மூலையில்தான் இருந்தது. அங்கேயும் கொஞ்சம் இடிக்கவே, சிவப்புத் தொகுதிகளின் ரேக்கை நாலடி தள்ளித் தூணுக்குப் பின்னால் வைத்தார்கள். மழை நிற்கும் வரைதான் என்று பேச்சு. மழை நின்றது; கூரையை யாரும் சரிசெய்யவில்லை. பீரோ அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தவன் கையை நீட்டினால் ரோஸ் அட்டை. சும்மா புரட்டுவான். புரட்டியவன் சிரிப்பான். சிரித்தவன் பக்கத்திலிருந்தவளுக்கு வாசித்துக் காட்டுவான். அதிலும் ஏழாவது வகை எல்லோருக்கும் மனப்பாடம்: ‘வயிறு நிறைந்திருக்கும். துணி காய்ந்திருக்கும். காய்ச்சல் இருக்காது. இத்தனை நேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள் என்பதுதான் குறை. தூக்க வேண்டாம். அதட்டவும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.’

முதல் சீல் விழுந்த அன்று ஸ்டூல் அதை இரண்டு தரம் ஊதிக் காயவைத்தார். ஒன்றரை வருடத்தில் சீட்டு நிறைந்து இரண்டாவது சீட்டு ஒட்ட வேண்டி வந்தது. ஒருத்தி தன் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருவன். அவனைப் பார்த்து நாலு பேர். பக்கத்துத் துறைக்காரர்கள் இது வாசிப்பில் நிகழ்ந்த பெருந்திருப்பம் என்று கருத்தரங்கே நடத்திவிட்டார்கள், இரண்டு நாள். ஒருவர் சமூகக் காரணம் என்றார். இன்னொருவர் தலைமுறையின் தாகம் என்றார். நாற்காலி போட வந்த ஸ்டூலையும் விடவில்லை, இத்தனை வருஷம் பார்த்தவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

“ஃபேன்தாங்க காரணம்” என்றார் ஸ்டூல்.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. என்ன ஒரு உருவகம் என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தலையில் அடித்துக்கொண்டு ஸ்டூல் மிச்ச நாற்காலிகளை அடுக்கப் போனார்.

பேராசிரியருக்குச் செய்தி ஓர் ஆய்வேட்டின் வழியே போய்ச் சேர்ந்தது. மதிப்பிட வந்த ஆய்வேட்டில் தன் பெயரைத் தேடினார். கிடைத்தது, ஓர் அடிக்குறிப்பில். திங்கட்கிழமை காலை நூலகத்தில் வந்து குதித்தார். நூலகக் குழுத் தலைவரும் அவர்தானே! ஒரு மணி நேரத்தில் உத்தரவு போட்டுவிட்டார்: கூரையை இரண்டே நாளில் பூசி, எல்லா நூல்களும் ரேக்குகளும் மழைக்கு முன்னிருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும், ‘பிற’ அறையில் இருப்பவை இனி மேற்கோளுக்கு ஏற்கப்படா. மேடம் அந்தத் தாளை ஸ்டூலிடம் நீட்டி, “வரிக்கு வரி அப்படியே செய்யணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அக்கா குண்டைத் தூக்கிப் போட்டாள். “டேய், என் புஸ்தகத்தைப் பத்தி எழுதின பொண்ணு போன் பண்ணுச்சு. லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுது. முட்டி வலிச்சா வலிக்கட்டும், வியாழக்கிழமை வர்றேன். பெரிய ஹால்ல எந்தப் பக்கம்னு சொன்ன?”

ஒன்றரை வருடம் பொய் உண்மையாகவே நின்றிருந்தது. அப்போதெல்லாம் வராதவள் இப்போதுதானா வர வேண்டும்! ஸ்டூல் உத்தரவுத் தாளை எடுத்து மறுபடியும் படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். நூல்கள் என்று இருந்தது. ரேக்குகள் என்று இருந்தது. வேறு எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியனைத் தேடிப் போனார்.

“ஏம்ப்பா, அந்த நாலாவது ஃபேன் கிரீஸ் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?”

“போட்டதே இல்லண்ணா.”

“கழட்டிப் போடு. போட்டுட்டு, ஓடுதான்னு பின்னறைல மாட்டிப் பாரு.”

எலெக்ட்ரீஷியன் அவர் முகத்தைப் பார்த்தான். “எவ்வளவு நாள் பார்க்கணும்?”

“நல்லா பாரு. அவசரமே இல்ல.”

அக்காவுக்கு வேர்க்கக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்ததாக ஸ்டூல் இன்றைக்கும் சொல்கிறார். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா வந்தாள், ஒரு கையில் தடி, மறு கையில் அந்த ஆய்வு மாணவி. பெரிய ஹாலில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கு மேடைக்குப் போகிறவர் போல ஸ்டூல் முன்னால் நடந்தார். பின்னறை வாசலில் அக்கா நின்றாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த இரண்டெழுத்துப் பலகையை ஒரு முழு அத்தியாயம் மாதிரி படித்தாள்.

“பிறன்னா என்னடா?”

“அது வந்து... பிற்பாடு பிரிச்சு அடுக்கப் போறதுதான்க்கா.”

“டேய்.”

அந்த ஒரு வார்த்தையில் ஆள் ஒடுங்கிப்போனார். “முதல்லயிருந்தே இங்கதான்க்கா. நடுவுல ஒன்றரை வருஷம் நெசமாவே பெரிய ஹால்ல இருந்துச்சு, சத்தியமா. உன்னை இங்க வச்சிருக்காங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா.” கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“என்னையா வச்சாங்க? புஸ்தகத்தைத்தானடா வச்சாங்க” என்றாள் அக்கா. அவளுக்கும் வலித்துத்தான் இருக்கும். குரல் ஒரு நொடி பிசிறியது. பிறகு தடியால் கதவைத் தள்ளினாள்.

உள்ளே எள் போட்டால் கீழே விழாது. தரையில், ஜன்னல் மேடையில், உடைந்த ரேக்கின் மேல் எல்லாம் பையன்களும் பெண்களும். தலைக்கு மேலே நாலாவது ஃபேன், புது கிரீஸில், தாள்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. மேற்கோளுக்கு ஏற்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ரோஸ் அட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. அக்காவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவன் நாற்காலி கொடுத்தான். அக்கா உட்காரவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் நுழைந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என் ஃபேன் எங்க?” என்றார். நிமிர்ந்து பார்த்தார், கண்டுகொண்டார். காலி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “நாற்பது வருஷமா எல்லாரும் என் புத்தகத்தைத்தான் படிச்சீங்க! இன்னைக்குப் போய் நிக்கிறேன், ஒரு ஆள் இல்ல! தூங்கறவன் கூட எழுந்திரிச்சுப் பார்க்கல! எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிட்டீங்க!”

ஒரு மூலையிலிருந்து யாரோ மெதுவாக, “ஏழு” என்றார்கள். இன்னொருவன் வாயைப் பொத்திக்கொண்டான். ஜன்னல் மேடையில் இரண்டு பேர் குலுங்கினார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் கையிலிருந்த ஸ்டூலைப் பிடுங்கிப் பேராசிரியரின் நாற்காலியை ஒட்டிப் போட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கவில்லை, அதட்டவில்லை. இரண்டு நிமிடம் போயிருக்கும். அவர் மூச்சு சீரானது.

“எங்க வாத்தியார் நாலுன்னுதாம்மா சொல்லிக் கொடுத்தார்” என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

“நாலும் சரிதான் சார். நானும் முதல் வருஷம் நாலுன்னுதான் நெனச்சேன்.”

பேராசிரியர் கையை நீட்டினார். ரோஸ் அட்டை அவர் கைக்கு வந்தது. அங்கேயே இருபது பக்கம் படித்தார். பிறகு எழுந்து, அதை ஸ்டூலிடம் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றார்.

ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்ததால் தம்பி நின்றபடியே சீட்டைத் திறந்து, அடுத்த காலிக் கட்டத்தில் சீல் வைத்தார்.