மூன்றால் வகுபடும் எண்

இன்று பாயசத்துக்கு ஏலக்காய் தட்டியதும், வண்டன்மேட்டில் இப்போது இல்லாத எங்கள் தகரக்கூரைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்தது. பக்கத்துக் கொட்டகையில் ஏலக்காய் உலரும் சூடும் வாசனையும் வகுப்புக்குள் வந்துகொண்டே இருக்கும். அங்கே அம்மா காய் பொறுக்க, இங்கே நான் மூன்றாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டின் இலக்கங்களைக் கூட்டினால் மூன்று, பதினைந்தில் ஆறு, பதினெட்டில் ஒன்பது, இருபத்தொன்றில் மறுபடி மூன்று என்பதை அப்படித்தான் நானாகக் கண்டுகொண்டேன்.

ஒருநாள் சார் பலகையில் 71412 என்று எழுதி, மூன்றால் மீதியில்லாமல் வகுபடுமா என்று கேட்டதும், "வகுபடும் சார்" என்றேன்.

"வகுக்காம எப்படிச் சொல்லுற? குருட்டாம்போக்குல சொல்லாத."

"இலக்கத்தையெல்லாம் கூட்டுனா பதினஞ்சு வருது சார். பதினஞ்சு மூணுல போகும்லா, அப்ப இதுவும் போகும்."

சார் நம்பாமல் வகுத்துப் பார்த்தார். மீதி இல்லை. வேறோர் எண்ணை எழுதி அதையும் வகுத்தார். பிறகு சாக்பீஸை என் கையில் தந்து, "நீயே எல்லாருக்கும் சொல்லிக் குடு" என்றார்.

நான் பலகையில் எழுதும்போது கொட்டகையில் பேச்சு நின்றிருந்தது. சன்னலோரம் வந்து நின்ற அம்மா, கூட வந்து நின்ற எங்கள் பக்கத்து வீட்டுக்காரியிடமே, "அது எம் மக" என்றாள்.