டுரியானும் பீரும் பிரேதப் பரிசோதனையும்

அக்கா வீட்டுக்காரர் இறந்ததற்கு முந்தின சாயங்காலம், லாபு எஸ்டேட் வீட்டு வாசலில் அவருக்கு டுரியான் பழம் பிளந்து கொடுத்தது நான். கூடவே ஆளுக்கு ஒரு பீர். டுரியானும் பீரும் சேர்ந்தால் ஆள் காலி என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “அதெல்லாம் சும்மா கதைலா, ஊத்துங்க மாமா” என்ற மேதாவியும் நான்தான்.

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து ஊர் மந்தினிலிருந்து வந்த கிளினிக் டாக்டர், “இவருக்கு என்ன நோயென்றே தெரியாது, காரணம் எழுத முடியாது, போலீசுக்குச் சொல்லுங்கள்” என்றார். மாமா டாக்டர் வாசலையே மிதிக்காதவர். அதனால், குளிப்பாட்டி மாலை போட வேண்டியவரைப் பிரேதப் பரிசோதனைக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது போலீஸ் வண்டி.

கூடியிருந்த சனம் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பெரியம்மா சத்தமாகவே கேட்டார்: “தாய்வீட்டுக் கோடிய யாரு போடுறது? இவனா? தாலியறுத்த கையால சேலையா?”

புருஷனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் எடுத்துத் தரும் புதுச்சேலைதான் கோடி. அக்காவுக்கு உடன்பிறப்பு நான் ஒருத்தன்தான். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வாக்குமூலத்துக்கு என்னைக் கூப்பிட்ட போலீஸ் ஸ்டேஷனில், அவர்கள் கேட்கும் முன்பே மலாயில் கொட்டிவிட்டேன். “துவான், டுரியான் நான்தான் வாங்கினேன்.”

கோப்ரல் பேனாவை நிறுத்தினார். “அவர் எத்தனை சுளை?”

“அஞ்சு. நான் பதினொண்ணு.”

“பீர்?”

“ஆளுக்கு ஒண்ணு.”

“அப்ப நீ ஏன் சாகல?”

நியாயமான கேள்விதான். சந்தேகம் தீராவிட்டால் மரண விசாரணை நடக்கும், மாஜிஸ்திரேட் முன்னால் நீ சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்றார். கூண்டில் நான், மேசைமேல் டுரியான் ஓடு, நாற்றம் தாங்காமல் மாஜிஸ்திரேட் எழுந்து போகிறார். அன்றைக்கு முழுக்க எனக்குள் ஓடிய படம் அது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் பிரேத அறை வாசலில் அக்காவையும் என்னையும் டாக்டர் கூப்பிட்டார். இருதய ரத்தக்குழாயில் அடைப்பு.

“டுரியான்...?” என்று இழுத்தேன்.

“இது பல வருஷத்து அடைப்பு. ஒரு சாயங்காலத்தில் வந்ததில்லை.”

மாமாவின் உடலை வாங்கிக்கொள்ள அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“கோடி எடுத்துட்டியாடா?”

“இல்லக்கா.”

“அப்புறம் இங்க என்ன பண்றே? ஓடு. பளபளன்னு எதையாச்சும் தூக்கிட்டு வந்துடாதே.”