ஸ்டூல் காலில் மாட்டிய டவுசர்கள்

ஒச்சாயிக்கு எதையும் இழுத்துப் பார்க்காமல் விட முடியாது. வேலம்பாளையத்து லைன் வீடுகளில் யார் கட்டிய துணிக்கொடி தொய்ந்து கிடந்தாலும் அவிழ்த்து, இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். யாராவது முறைத்தால், "ஈரச்சேலை மண்ணுல பொரளுது, பாத்தாலே கொமட்டுது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்த வருடம் பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் எட்டு வருடமாகச் செக்கிங் வேலை. குழந்தைகளின் டவுசர் இடுப்பில் இரண்டு கட்டைவிரலையும் விட்டு விரிப்பாள். எலாஸ்டிக் கடிக்குமா, நழுவுமா என்று விரல் சொல்லிவிடும். சரியாக இருந்தால் தன் எண்ணான பதினேழு அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டுவாள். பதினேழு ஒட்டிய ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒச்சாயிக்கு அதுதான் கையெழுத்து.

2006 ஆவணியில் அந்தக் கூத்து நடந்தது. எலாஸ்டிக் ரோல் வந்தால் பிரித்துக் கூடையில் தளரப் போட்டு ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். சுற்றிவைத்த இறுக்கம் அடங்கிய பிறகுதான் தைக்க வேண்டும். முதலாளி தரணீதரனுக்குக் கப்பல் தேதி கழுத்தை நெரித்தது. வந்த ரோலை அப்படியே மெஷினில் மாட்டச் சொன்னார். தைத்து முடித்த எலாஸ்டிக் சுருங்கி, டவுசர்கள் இடுப்பில் ஒன்றரை இஞ்ச் குறைந்து நின்றன.

மதியம், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் அளந்து பார்க்க வருவதாக இருந்தது. தரணீதரன் கொஞ்சமும் கூசாமல் ஸ்டூல்களைக் கவிழ்க்கச் சொன்னார். மேலே நீட்டி நின்ற நான்கு கால்களைச் சுற்றி, வருகிறவன் எடுத்துப் பார்க்கும் முன்வரிசைப் பெட்டிகளின் டவுசர்களை அடுக்கடுக்காக இழுத்து மாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் இடுப்பு விரிந்து அளவுக்கு வந்துவிட்டது. ஒச்சாயி கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளை மேசையில் வைத்தாள்.

"ஸ்டிக்கர் ஒட்டிப் போடுங்க ஒச்சாயக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார் தரணீதரன். அவர் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார். அந்த மரியாதைதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"ஒட்ட மாட்டேன் மொதலாளி. ஒருக்கா தொவச்சா பிள்ளைக இடுப்ப அறுத்துப்புடும்."

"போடப் போறது வெளிநாட்டுப் புள்ளைங்க தானுங்களே. உடுங்க."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து மேசை ரோஸ்மேரி தலையை நிமிர்த்தாமல் தன் எண் இருபத்திரண்டை ஒட்டத் தொடங்கினாள்.

பையரின் ஆள் ஜெபக்குமார் முதலாளியோடு பிரியாணி தின்றுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். டேப்பை வைத்தான். அளவு சரியாக இருந்தது. ஒச்சாயி அவன் கையிலிருந்த டவுசரை வாங்கி அயர்ன் மேசையில் போட்டு ஆவியை அழுத்தினாள். அவன் கண்ணெதிரிலேயே இடுப்பு சுருங்கியது.

"இப்ப அளந்து பாருங்க தம்பி."

அளந்தான். ஒன்றரை இஞ்ச் குறைவு. இனி அத்தனையையும் பிரித்துத்தான் தைக்க வேண்டும் என்று ஒச்சாயி நினைத்தாள். ஜெபக்குமார் தரணீதரனைப் பார்த்தான். அவர் சிரித்தார். அவன் அந்த டவுசரை மட்டும் மடித்துத் தனியாக வைத்தான்.

"ஒரு பீஸ் ரிஜெக்ட். மத்ததெல்லாம் ஓகே" என்று எழுதிக்கொண்டே ஸ்டிக்கரைப் பார்த்தான். "இருபத்திரண்டு யாரு அக்கா?"

ரோஸ்மேரியின் முகம் வெளுத்தது. மூன்று ரிஜெக்ட் விழுந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவளுக்கு இது மூன்றாவது.

ஒச்சாயி ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினாள். திரும்பி வந்து, தனியாக வைத்த டவுசரிலிருந்த இருபத்திரண்டை நகத்தால் உரித்து எறிந்தாள்.

"அத நெசமாப் பாத்தவ நாந்தேன். என் நம்பர எழுதிக்க."

அன்று அவள் ஒட்டியது ஒரே ஒரு பதினேழு. எட்டு வருடத்தில் அந்த எண்ணுக்கு விழுந்த முதல் ரிஜெக்ட் அதுதான்.