சிப்பிகாட்டில் ராகு காலம் எப்போது?

போர்ட் பிளேர் தீவில், இந்தச் சிப்பிகாட்டில் குடியேறிய நாளிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் சுவரில் தொங்கிய காலண்டர் சென்னையில் அச்சடித்தது. அது சொல்லும் உதய நேரத்துக்கு முக்கால் மணி முன்பே எங்கள் வயலில் சூரியன் ஏறிவிடும். ராகு காலத்தை உதயத்திலிருந்துதானே கணக்கிடுகிறார்கள்? அப்படியென்றால் காலண்டரில் போட்டிருப்பது கடலுக்கு அக்கரை மெயின்லேண்ட்காரர்களின் ராகு காலமா, நம்முடையதா? முருகன் கோயில் பூசாரியைக் கேட்டால், "முருகனுக்குத் தெரியும், போங்க" என்பார்.

என் மகள் கல்யாணத்தன்று அந்தச் சந்தேகம் பந்தலுக்கே வந்துவிட்டது. திங்கட்கிழமை. காலண்டர்படி ஏழரைக்கு ராகு காலம். எங்கள் சூரியன்படி ஏழுக்கு முன்பே. மாப்பிள்ளை போர்ட் பிளேரில் தினக்கூலி மஸ்தூர். அவர் வேலையை நிரந்தரமாக்க வேண்டிய எஞ்சினியர், மேட்டிலிருக்கும் சர்க்கார் பங்களாவிலிருந்து ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆறரை ஆனது. "தாலியை எடுங்க" என்றேன்.

சம்பந்தி பதறினார். "என்ன ஜல்தி சம்பந்தி? எஞ்சினியர் சாப் வரட்டும். அவர் வராம கட்டினா என் பையன் கையில ஆயுசுக்கும் மம்பட்டிதான்."

"ராகு காலம் வந்திருமே."

"காலண்டர்ல ஏழரைன்னு இருக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் தனி ராகுவா?"

கூட்டம் சிரித்தது. அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி, "அண்ணே, சாப்புக்கும் நமக்கும் ஒரே சூரியன்தானே? அது வந்து எவ்வளவு நேரமாச்சு பாருங்க" என்று கையைக் காட்டினாள். வெயில் மணவறை வரை விழுந்திருந்தது.

மாப்பிள்ளை எழுந்து தாலிக்காகப் பூசாரியிடம் கையை நீட்டியபடி தம் அப்பாவைப் பார்த்தார். "கட்டிடறேன்ப்பா. பிறகு சாப்கிட்ட நானே பேசிக்கிறேன்."

கட்டிவிட்டார்.

சொன்னபடியே ஏழுக்கு ஜீப் வந்தது. சம்பந்தி ஓடினார். எஞ்சினியர் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழர். மணமக்கள் கழுத்து மாலையையும் தம் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ இது ராகு காலமா?"

"எங்க கணக்குல ஆமாங்க. காலண்டர்படி இன்னும் வரல."

"நல்லதாப் போச்சு. தாலி உங்க கணக்குல நடந்திருச்சு. அட்சதை என் காலண்டர்ல போடறேன், கொடுங்க."

பந்தலே சிரித்தது. சம்பந்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக மேலும் மூன்று மழைக்காலம் ஆனது. அன்று காத்திராததாலா, அல்லது ஆபீஸ் நேரமே அவ்வளவு மெதுவாகத்தான் நடக்குமா? விளக்கேற்றும்போது முருகனைக் கேட்பேன். அந்தக் கணக்கை மட்டும் அவன் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.