ஆயிரத்தைத் தாண்டாத புரோசசர்

சுனாமி வந்தபோது ஆரையம்பதியில் எங்கள் வீடியோ ஸ்ரூடியோ தப்பிவிட்டது. அது பிரதான வீதியோரத்தில் இருந்தது. தண்ணீர் அவ்வளவு தூரம் வரவில்லை. ஸ்ரூடியோவை நடத்திய என் அக்காவின் கணவர், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கணினியைக் கடற்கரைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார். வீட்டோடு அதுவும் போயிற்று. அக்காவும் அத்தானும் அன்று காலை பட்டணத்துக்குப் போயிருந்ததால் உயிரோடு இருந்தார்கள்.

ஸ்ரூடியோ அலுமாரியில் பழைய கல்யாண வீட்டு நாடாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. சில வாரங்களில் அவற்றைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படம் வைத்திருந்தவர்களின் படங்களையும் கடல் கொண்டுபோய்விட்டது. அவர்களுடைய பிள்ளையோ, மனுசியோ, தகப்பனோ யாருடைய கல்யாணத்திலாவது பந்தியில் இருந்து சாப்பிட்ட காட்சி எங்களிடம் இருக்கலாம். ஒரு நொடி இருந்தாலும் போதும் என்றார்கள்.

அத்தான் பட்டணத்தில் ஒரு கடையில் பழைய கணினி ஒன்றை வாங்கிவந்தார். போட்டவுடன் திரையில் ஆயிரம் மெகாஹேர்ட்ஸ் என்று காட்டும். அந்தக் காலத்திலேயே அது பெரிய வேகம் இல்லை. நாடாவிலிருந்து காட்சியை ஏற்றி, வெட்டி, சிடி இறுவட்டுக்கு ஏற்றபடி மாற்றக் கொடுத்தால் திரையில் ஒரு நீலப் பட்டை ஊரும். காலையில் தொடங்கினால் பின்னேரம் முடியும். முடிந்தால் நல்லது. பல நாட்களில் முக்கால்வாசி ஊர்ந்தபின் அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகள் கடலில் போனவள். அதற்கு முந்திய ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவள் பொம்புளைத் தோழியாக நின்றாள். அந்த அம்மா ஸ்ரூடியோ வாங்கில் உட்கார்ந்து நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இது எவடத்த போகுது மனே?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அந்தக் கோடு கடைசிக்குப் போனா முடிஞ்சிரும் அம்மா."

"அப்ப கொஞ்சம் கெதியா போகச் சொல்லுங்களன்."

அவருக்கு ஒரு இறுவட்டு செய்து கொடுத்தேன். ஆனால் மகள் ஆராத்தித் தட்டோடு திரும்பும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து போகும். திரும்பும் முகம் தெரியாது. இரண்டாவது தரம் செய்ததும் அப்படித்தான். அவர் குறை சொல்லவில்லை. "பறவாயில்ல, பின்பக்கம் தெரியுதுதானே" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பட்டணத்து நெட் கபேயில் ஓவர்குளொக் பற்றி, அதாவது புரோசசரைக் கம்பனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது பற்றி, வாசித்தேன். புரோசசர் தானாக ஓடுவதில்லை, போர்டு ஒரு துடிப்பைக் கொடுக்கிறது, அதை இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொண்டு ஓடுகிறது. துடிப்பைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். எங்கோ இருக்கிற யாரோ எல்லாம் தங்கள் புரோசசரை அரைவாசி மேலதிகமாக ஓட வைத்ததாகப் பெருமை பேசியிருந்தார்கள். எங்கள் கணினியில் இருந்ததும் அதே இனம். காசு செலவில்லாமல் வேகம் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

கணினியின் அமைப்புத் திரையில் துடிப்பை ஐந்து புள்ளி கூட்டினேன். திரை கறுப்பாகவே நின்றது. போர்டில் இருந்த காசு அளவான பற்றரியைக் கழற்றிப் போட்டால்தான் திரும்ப உயிர் வந்தது. மூன்று கூட்டினேன். ஓடியது, நீலப் பட்டை தொடங்கியவுடன் உறைந்தது. ஒன்று கூட்டினாலும் அதே கதை. மற்றவர்களுடையது ஓடுகிறது, எங்களுடையது ஏன் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது? கோபம் ஒரு பக்கம். ஆனால் கோபத்தைவிட அந்த 'ஏன்' என்னை விடவில்லை.

சூடுதான் காரணம் என்று நினைத்தேன். மூடியைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைப் பக்கத்தில் வைத்தேன். பிரயோசனம் இல்லை. பிறகு மீன் வாடிக்குப் போய் ஒரு பெட்டி ஐஸ் கேட்டேன். வாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருக்கு ஐஸ்? சாவீடா?"

"இல்ல அண்ணன், கொம்பியூட்டருக்கு."

"அதுவும் நாறுமா?" என்று கேட்டு, இரண்டு பாரை மீனை அப்பால் தள்ளிவிட்டு ஐஸை அள்ளிப் போட்டுத் தந்தார்.

ஐஸ் பெட்டியை முன்னால் வைத்து அதன் மேலாக ஃபேனைச் சுழல விட்டேன். ஸ்ரூடியோ முழுவதும் மீன் மணம். புரோசசரின் சூட்டை இழுக்கும் அலுமினியத் துண்டு குளிர்ந்துதான் இருந்தது, தொட்டுப் பார்த்தேன். ஆனால் ஆயிரத்துக்கு மேல் ஒரு புள்ளி நகரவில்லை. அத்தான் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொம்புளை வீட்டாக்கள் இப்ப வருவாங்கடா!" என்று கத்தினார். நான் பெட்டியை ஒளித்து வைத்தேன். வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அன்று அவர்கள் கல்யாண ஓடரை எங்களுக்குத் தரவில்லை.

பிறகு வேறொன்றை வாசித்தேன். அந்த இனப் புரோசசரில் பெருக்கும் எண்ணைக் கம்பனியே பூட்டி அனுப்புகிறது. ஆனால் அதன் முதுகில் அறுபட்ட மிகச் சிறிய பாலங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பென்சில் கோட்டால் இணைத்தால் பூட்டுத் திறந்துவிடும். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பென்சிலை ஊசி போலச் சீவி எடுத்துக்கொண்டு, புரோசசரின் மேலே இருந்த அந்த அலுமினியத் துண்டை முதல் தடவையாகக் கழற்றினேன்.

காய்ந்துபோன வெள்ளைப் பசையைத் துணியால் துடைத்தேன். பாலங்கள் இருந்த இடத்தில் ஏற்கெனவே பென்சில் கோடுகள் இருந்தன.

சுத்தமான கோடுகள். ஒன்றோடொன்று முட்டாமல், ஒரே அளவில். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டிருக்க வேண்டும். நடுவில் இருந்த கரும்பளிங்குத் துண்டில் எழுத்துகள் தெரிந்தன. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். எண்ணூறு என்று இருந்தது.

எண்ணூறுக்குச் செய்த புரோசசர். எனக்கு முன்னே யாரோ அதை ஆயிரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். நான் அதற்கு மேலும் ஏறு ஏறு என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தானிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஓடுதுதானே? இனி அதில கை வைக்காத" என்றார். எண்ணூறுக்கு இறக்கிப் பார்க்கும் எண்ணம் எனக்கு வந்ததுதான். ஆனால் கோட்டை அழிக்கப் போய் இருக்கிற ஒரு கணினியும் செத்துவிட்டால்? அதைவிட, ஆயிரத்தைக் குறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன்.

கோடு போட்டவர் யார் என்ற கேள்வி மட்டும் போகவில்லை. பட்டணத்துக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்து, "அது ஒரு டீச்சர் கொண்டுவந்து தந்தது. பழுகாமத்துப் பொடிச்சி" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. நான் யாரோ பெடியன் என்றே நினைத்திருந்தேன்.

பழுகாமம் வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கமான படுவான்கரையில். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போய்விடலாம். ஆனால் அதற்குள் சண்டை மறுபடி மூண்டுவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இராணுவத்தின் துவக்கு, அந்தப் பக்கம் இயக்கத்தின் துவக்கு. ஒரு பென்சில் கோட்டைப் பற்றி விசாரிக்கப் போகிறேன் என்று சோதனைச் சாவடியில் சொல்லவா முடியும்?

இரண்டு வருடத்துக்குள் படுவான்கரையே எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஷெல்லடிக்குத் தப்பிய சனம் பாலத்தாலும் தோணியாலும் கையில் அகப்பட்டதோடு எங்கள் எழுவான்கரைக்கு வந்து, பள்ளிக்கூடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இருந்தது. முகாம் ஒன்றில் ஒரு கல்யாணம் நடந்தது. பொம்புளைக்கு யாரோ இரவல் கொடுத்த கூறைச்சேலை. படம் பிடித்துக் கொடுக்க நான் போனேன். பழுகாமத்து ஆட்கள் பலர் இருந்தார்கள். கல்யாணம் முடிந்து சோறு சாப்பிடும்போது, கொம்பியூட்டர் வைத்திருந்த டீச்சர் ஒருவரைத் தெரியுமா என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"விஞ்ஞானம் படிப்பிச்ச டீச்சரா? அவ தேத்தாத்தீவில, தாய்மாமன் வீட்ட இரிக்கா."

மறுநாளே சைக்கிளை எடுத்தேன். டீச்சருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, பட்டணத்துக் கடையில் விற்ற கணினி எங்களிடம் இருப்பதையும் சொன்னேன்.

"அந்த புரோசசரில பென்சில் கோடு போட்டது..."

கையிலிருந்த சேலையை அப்படியே கொடியில் விட்டுவிட்டுத் திரும்பினார். "அதைக் கழட்டிப் பாத்தீங்களா நீங்க?"

"ஓம். நானும் கோடு போடத்தான் கழட்டின."

அவர் சிரித்த சிரிப்பில் தாய்மாமன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். இடம்பெயர்ந்து வந்தபிறகு தான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம் என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

"பல்கலைக்கழகத்தில படிக்கக்குள்ள வாங்கின. கார் ஓட்டுற விளையாட்டு ஒண்டு இருந்திச்சு, தெரியுமா? வளைவில திரும்பக்குள்ள எல்லாம் நிண்டு நிண்டு போகும். கூட இருந்த புள்ளையள் எல்லாம் சிரிப்பாளுகள். அந்தக் கோவத்தில போட்ட கோடு அது."

"பிறகு ஏன் வித்தீங்க?"

"எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் படிப்பிக்கப் போட்டானுகள். வீட்ட கரண்ட் இல்ல. அதை வெச்சிப் பாத்துக்கொண்டா இரிக்கிற?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இன்னும் ஆயிரத்திலயா ஓடுது?"

"ஓம். ஆயிரத்துக்கு மேல ஒண்டும் போகுதில்ல."

"போகாது. நான் ஒரு லீவு முழுக்கச் சண்டை பிடிச்சிப் பாத்த. ஆயிரத்து நூறு ஒரு நாளும் தரல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "ஆயிரத்திலயாவது ஒழுங்கா ஓடுதா? எனக்கு விளையாட்டுக்குத்தானே. அரை மணித்தியாலம் ஓடினாக் காணும். ஸ்ரூடியோ வேலை எண்டா நீங்க விடியச் சாமத்தில இருந்து பொழுது படுமட்டும் ஓட்டுவீங்கதானே."

நடுவில் உறைவதையும் படம் உடைவதையும் சொன்னேன். அந்த அம்மாவின் கதையையும் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

"அது என்ட கோட்டாலயா இரிக்கும்?" என்றார், என்னிடம் கேட்பதுபோலவும் தன்னிடமே கேட்பதுபோலவும்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரூடியோவுக்கு வந்தார். அத்தான், டீச்சர் என்றவுடன் கதிரையைத் துடைத்துப் போட்டு, கணினியைத் திறக்கவும் மறுப்புச் சொல்லவில்லை. போர்டின் ஓரத்தில் எள்ளளவான வெள்ளைச் சுவிச்சுகள் ஒரு வரிசையாக இருந்தன. அவை எதற்கென்று நான் கேட்டதே இல்லை. பெருக்கும் எண்ணை மாற்றுவது அவைதான் என்று சொல்லி, டீச்சர் தலையிலிருந்த ஊசியைக் கழற்றி அதன் முனையால் அவற்றைத் தட்டினார். எந்தச் சுவிச்சு மேலே, எந்தச் சுவிச்சு கீழே என்பது அவருக்கும் மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஐந்நூறு என்று காட்டியது, ஒருதரம் ஒன்றுமே காட்டவில்லை, கடைசியில் எண்ணூறு வந்தது.

அந்த அம்மாவின் நாடாவைப் போட்டோம். நீலப் பட்டை முன்னையதைவிட மெதுவாக ஊர்ந்தது. மத்தியானம் அக்கா சோறு அனுப்பினார். டீச்சர் சாப்பிடும்போதும் திரையைப் பார்த்தபடியே இருந்தார். முக்கால்வாசி வந்தது. வழக்கமாக உறையும் இடம் வந்தது. தாண்டியது. பட்டை போய்க்கொண்டே இருந்தது. பொழுதுபட முன்பே முடிந்தது.

இறுவட்டைப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பிள்ளை ஆராத்தித் தட்டோடு திரும்பினாள். கமராவைக் கண்டு வெட்கப்பட்டு, பக்கத்தில் யாருக்கோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஒரு இடத்திலும் உடையவில்லை.

"இவதானா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஓம்."

டீச்சர் ஊசியைத் திரும்பத் தலையில் குத்திக்கொண்டார்.

அம்மாவின் தற்காலிகக் கொட்டிலுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தன் கடை டிவியில் போட்டார். அம்மா திரைக்கு மிகக் கிட்டப் போய் நின்றார். அந்த இடம் வந்ததும், "இந்தா, பல்லுத் தெரியுது" என்றார். "இந்தப் பக்கத்துப் பல்லு அவளுக்குக் கொஞ்சம் மிதப்பு." மறுபடி போடச் சொன்னார். கடைக்காரர் சாமான் கேட்டு வந்தவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, அவர் கேட்ட நேரமெல்லாம் போட்டார்.

கணினியை நாங்கள் அதற்குப் பிறகு எண்ணூறிலேயே விட்டோம். உறையாததால் வேலைகள் முன்னையைவிடக் கெதியாக முடிந்தன. ஏன் ஒரு புரோசசர் அரைவாசி மேலே போகிறது, அதே இனத்தில் இன்னொன்று கால்வாசியிலேயே மூச்சு வாங்குகிறது என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் முழுதாக விளங்கவில்லை. டீச்சர் அடிக்கடி வந்து பேசிக்கொண்டிருப்பார். "ஒரே வயல் வட்டையில ஒரே விதைநெல்லுத்தான் போடுறம். எல்லாக் கதிரும் ஒரு கனமாவா இரிக்கு? ஆனா வயலுக்குப் பசளை, தண்ணி காரணம் எண்டு சொல்லலாம். இதுக்கு என்ன?" என்பார். நெட் கபேயில் நான் வாசித்ததையெல்லாம் அவருக்கு வந்து சொல்வேன். அவர் கேட்கும் கேள்விக்கு மறுமொழி தேடித் திரும்பவும் போவேன்.

மீள்குடியேற்றம் என்று சொல்லி டீச்சரையும் படுவான்கரைச் சனத்தையும் திருப்பி அனுப்பினார்கள். டீச்சரின் வீட்டுக் கூரை போயிருந்ததாம். மிதிவெடி கிடக்கும் என்று வயலுக்குள் இறங்கப் பயமாம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தொடர்பு இல்லை.

யுத்தம் முடிந்ததாக அறிவித்த அன்று வீதியில் வெடி கொளுத்தினார்கள். சுடுகிறார்கள் என்று நினைத்து அத்தான் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். பிறகு வெடிதான் என்று தெரிந்தும் அவர் அன்று திறக்கவில்லை. எங்கள் சனத்தில் யார் வீட்டிலும் சிரிப்பு இல்லை. கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்த சொந்தங்களைப் பற்றி யாருக்கும் ஒரு செய்தியும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் பழுகாமத்தில் ஒரு கல்யாண ஓடர் வந்தது. பட்டிருப்புப் பாலத்துச் சாவடியில் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை முடிந்து டீச்சரின் வீட்டை விசாரித்துப் போனேன். கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தது. வாசலில் புது மின்கம்பம். டீச்சர் என்னைக் கண்டவுடன் சுகம் விசாரிக்கவில்லை.

"நல்ல நேரம் வந்தீங்க. உள்ள வாங்க."

மேசையில் பள்ளிக்கூடத்துக்கு யாரோ கொடுத்த கணினி ஒன்று மூடி கழற்றிக் கிடந்தது. கொஞ்சம் புதியது. இரண்டு புரோசசர் ஒன்றாகச் சேர்ந்ததாம். டீச்சர் ரோர்ச் லைற்றை என்னிடம் தந்து போர்டின் மேல் பிடிக்கச் சொன்னார்.

"இதில அந்தச் சுவிச்சு ஒண்டையும் காணல்ல" என்றார். "எங்க வெச்சிரிப்பானுகள்?"

நான் கமராப் பையைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தேன்.